ஆறாம் எண் அறை

போன ஆடி வரை
நாங்கள் குடியிருந்த அறை.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு.
இப்போது ஓர் இரவுக்கு மூவாயிரத்து இருநூறு,
காலை இட்லி சேர்த்து.
போர்வை மாற்ற நான்தான் வருகிறேன்.

சுவரில் நான் அடித்த ஆணி அப்படியே.
ரேஷன் பை தொங்கிய இடத்தில்
யாரோ ஒருவரின் தொப்பி.

"எல்லாம் காசு," என்கிறான் ஜீப் ஓட்டும் ரத்தினவேல்.
"கீழே இருந்து வருகிறவன்
உன் கூரைக்கு விலை வைக்கிறான்."
போஜன் மேஸ்திரி ஒத்துக்கொள்வதில்லை.
"கட்ட விட்டால்தானே வாடகை இறங்கும்?
சரிவு, ஓடை, காட்டெல்லை, உயரம்...
ஒன்றரை சென்ட்டுக்கு ஒன்பது கையெழுத்து."

அதே ஒன்பதும்
எதிர்மலை ரிசார்ட்டுக்கு
ஒரே மழைக்காலத்தில் விழுந்தது எப்படி என்றேன்.
மேஸ்திரி டீயை ஊதினார்.

ஆனால் எங்கள் கீழ்வரிசையில்
கையெழுத்தே இல்லாமல் எழுந்தவை மூன்று வீடுகள்.
ஐப்பசி மழையில் மண்ணோடு இறங்கின.
அன்றைக்கு யாரும் விதியைத் திட்டவில்லை.
ரத்தினவேலும் வாய் திறக்கவில்லை,
ஒன்றில் அவன் மச்சான் இருந்தான்.

ஜன்னலைத் திறந்துவிட்டு
இன்றைய விருந்தாளி சொன்னார்:
"கோத்தகிரியில் வாழ
கொடுத்து வைத்திருக்கணும்மா."
"ஆமாம் சார்," என்றேன்,
"பத்து மாத அட்வான்ஸ்."
அவருக்குச் சிரிப்பு வந்தது.

தலையணை உறை இன்னும் ஈரம்.
பனியில் எதுவும் காய்வதில்லை.
குஞ்சப்பனைக்குக் கடைசி பஸ்
ஐந்தே முக்காலுக்கு.
டிக்கெட்டும் ஏறிவிட்டது.