விகிதப்படி

கராஜ் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து
நடுவில் சாக்பீஸால் ஒரு பெட்டி வரைந்தேன்.
ஏப்ரல் முழுக்க அதற்குத்தான் பந்து வீசினேன்.
மெத்தை எதையும் திருப்பி அடிப்பதில்லை.
இந்தக் கணக்கில்
ஆக்ரன் நகரிலேயே சிறந்த பிட்ச்சர் நான்தான்.

பந்தில் நூற்றெட்டு இரட்டைத் தையல்.
விரலுக்கு அது எண்ணாமலே தெரியும்.
சம்பளத்தின் தையலைத்தான்
லிண்ட்குவிஸ்ட் இரவு பத்து மணிக்குப் பிரித்துக் காட்டுகிறான்,
சங்கத்தின் குரலில், இருமலுக்கு நடுவே:
நூற்று அறுபத்திரண்டு ஆட்டத்துக்குப் பேசிய கூலி.
ஆடப்போவது அறுபதோ எழுபதோ.
ஆடிய ஆட்டத்துக்கு ஆடிய காசு.
கையெழுத்தாகிவிட்டது, மார்ச்சிலேயே.
இப்போது அந்த விகிதத்துக்கும்
ஒரு விகிதம் கேட்கிறார்கள்.

ஆளில்லாத அரங்கம், அத்தனையும் நட்டம்
என்கிறார் முதலாளி வெதர்பீ.
திரையில் அவருக்குப் பின்னால் ஒரு படகின் முனை
ஆடி ஆடி நிற்கிறது.
பேரேட்டைக் காட்டுங்கள் என்றோம்.
மறுநாள் ஒரே ஒரு பக்கம் வந்தது,
மூன்று நிறத்தில் ஒரு வட்டம்.
யானை படுத்தாலும் குதிரை மட்டம்;
இவர் யானை படுத்திருக்கும் தரையை மட்டும்
படம் பிடித்து அனுப்பியிருந்தார்.
லாபம் கொட்டிய வருடங்களில்
இந்தா உன் விகிதம் என்று
ஒருநாளும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

பெட்ரோல் பங்க்கில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.
பந்து விளையாடக் காசு, அதிலும் சண்டையா என்றான்.
ஒன்பது வருடம் சின்ன லீக் பஸ்களில்
ரொட்டியில் மயோனீஸ் தடவித் தின்றதை,
முழங்கையில் இரண்டு முறை கத்தி பட்டதை,
முப்பத்துநான்கு வயதில் இந்தக் கைக்குள்
இன்னும் எத்தனை பந்து பாக்கி என்று
எந்தப் பேரேட்டிலும் இல்லாததை
அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.
மனைவிக்கு வேலை போய் ஆறு வாரம் என்றான்.
மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

வாக்கெடுப்பு கைப்பேசியில்.
வேண்டாம் என்பது சிவப்புப் பொத்தான்.
இடது கையால் அழுத்தினேன்.
வேறு எந்தக் கையால்?

அன்று இரவு ஸ்டெஃபன் கோவாச் கூப்பிட்டான்.
இருபத்திரண்டு வருடமாக மூன்றாம் அடுக்கில்
வேர்க்கடலை விற்கிறவன்.
பன்னிரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தவர் மடியில்
பொட்டலம் பூப்போல விழும்.
குறி விஷயத்தில் நான் அவனுக்கு உறை போடக் காணாது.

"எப்படிப் போட்டாய்?"
"வேண்டாம் என்று."
"சரிதான். இப்போது விட்டால் வருஷா வருஷம் கேட்பார்கள்."
அவன் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது.
"ஆட்டம் நடந்தாலும் ஆள் வராதாமே?"
"வராது."
"எனக்குப் பொட்டலத்துக்கு இத்தனை சென்ட் என்று கூலி.
அறுபது ஆட்டம், பூஜ்யம் பொட்டலம்.
என் விகிதம் எவ்வளவு வரும், சொல்லேன்."
தூக்கத்திலும் பின்னம் போடப் பழகியிருந்த நான்
எச்சில் விழுங்கினேன்.
அவனே சிரித்துவிட்டு
தக்காளிச் செடியில் புழு விழுந்த கதைக்குப் போய்விட்டான்.

கடைசியில் அறுபதுதான்.
ஜூலையில், எட்டாவது இன்னிங்ஸில், என்னை அழைத்தார்கள்.
புல்பென்னிலிருந்து நடந்து வரும்போது
என் ஷூ ஆணி மண்ணில் இறங்கும் சத்தத்தை
முதல் முறையாகக் கேட்டேன்.
இருக்கைகளில் அட்டை முகங்கள்.
மூன்றாம் அடுக்கில் அட்டைகூட இல்லை.
நான்கு பந்து வீசினேன். ஒன்று சுவருக்கு வெளியே போனது;
எடுக்க ஓடச் சிறுவர் எவரும் இல்லாததால்
அது உருண்டு, தானாகவே நின்றது.

சம்பளச் சீட்டு வந்தது, விகிதப்படி.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.
கோவாச்சுக்கு ஒரு காசோலை அனுப்பினேன்.
அதே உறையில் திரும்பி வந்தது,
பின்பக்கம் பென்சிலில் ஒரு வரியோடு:
ஆடியதுக்கு ஆடிய காசு. நான் எறியவில்லையே.

காசோலை கராஜ் அலமாரியில்
வார்னிஷ் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
கிழிக்கவில்லை. மறுபடி அனுப்பவும் இல்லை.
மெத்தையில் சாக்பீஸ் கோடு மங்கிக்கொண்டு வருகிறது.