ஒரு டிகிரி கம்மி

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது:
ஒன்பது பட்டை வைத்த பின்கட்டு இரண்டு,
பழையதைவிட நீளமான ஷாக்கிள்,
மஞ்சள் பெயின்ட் அடித்த ஷாக் அப்சார்பர்,
ஒரு பாலிதீன் பையில்
சாய்வாக அறுத்த பனங்கருப்பட்டித் துண்டு போல
இரண்டு இரும்பு ஆப்பு.
எதற்கென்று தாளில் எழுதவில்லை.

யூ போல்ட் கழலவில்லை.
இருபது மழைக்காலத்துச் சேறு
மரையை மரையாக விட்டுவைக்கவில்லை.
டீசல் ஊற்றினேன், சுத்தியலால் தட்டினேன்,
கடைசியில் ஆக்சா பிளேடு.
இத்தனை வருஷம் சுமந்த பட்டை
கழற்றியதும் கொஞ்சம் நிமிரும் என்று நினைத்தேன்.
சப்பையாய்க் கிடந்தது, அவ்வளவுதான்.

ஆப்பு எந்தப் பக்கம்?
என் கைக்கு வாகாக வைத்தேன்.
தடித்த முனை முன்னால்.

மூன்று அங்குலம் உயர்ந்து நின்றது ஜீப்.
"புதுச் செருப்புப் போட்டவ மாதிரி நிக்குது" என்றாள் கனகமணி.

பெரும்பாறை இறக்கத்தில்
நாற்பதைத் தொட்டதும் அடியில் ஒரு முனகல்.
நாற்பத்தைந்தில் சீட் நடுங்கியது.
டாஷ்போர்டில் கிடந்த சில்லறை
நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து குதித்தது.
பின்னால் சவ்சவ் மூட்டைகள்
ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.
மங்களங்கொம்பில் நிறுத்தி
கிராஸைத் தொட்டேன்.
விரலை உதறிக்கொண்டேன்.

சமதளத்தில் நிறுத்தித்தான் கோணம் பார்க்கணும் என்றார்கள்.
தாண்டிக்குடியில் சமதளம்!
காப்பிக் களம் தண்ணீர் வடியச் சரித்துப் போட்டது.
பள்ளிக்கூட மைதானத்தில்
பந்து தானாகவே உருண்டு போய் கோல் போடும்.
எங்கள் வீட்டில் ரசம் ஊற்றினால்
இலையில் ஒரு பக்கம்தான் நனையும்.
மூன்று நாள் தேடினேன்.

பண்ணைக்காட்டிலிருந்து தாகிர் வந்தான்.
சாக்கை விரித்து அடியில் நுழைந்தவனுக்கு
செருப்பு மட்டும்தான் வெளியே.
"பூமி சாஞ்சா சாஞ்சிட்டுப் போகுது.
கியர் பெட்டியும் ஹவுசிங்கும்
தங்களுக்குள்ள ஒத்துப் போகுதா, அதான் கணக்கு"
என்றது செருப்பு.
"வெறும் வண்டில அளந்தா பொய் சொல்லும்.
சுமை ஏத்துங்க."

மூட்டைகள் வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்துவிட்டன.
கனகமணி ஏறினாள். அவள் தம்பி சடையாண்டி ஏறினான்.
சொசைட்டியில் எடை போடும் மரியசெல்வம்
"எழுபத்தி நாலு கிலோ முந்நூறு" என்று
கணக்குச் சொல்லிவிட்டு ஏறினார்.
சடையாண்டியின் கூட்டாளிகள் நாலு பேர்.
வேடிக்கை பார்க்க வந்த கருப்பணன்,
வேலித் தகராறில் இரண்டு வருஷமாய் என்னோடு பேசாதவன்,
யாரும் கூப்பிடாமல்
பின்படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தான்.
பட்டை அரை அங்குலம் இறங்கியது.

பெட்டியின் பிளாஞ்சில் செல்போனை ஒட்டிப் பூஜ்யம் வைத்தான்.
பினியனில் ஒட்டினான்.
ஏழு.
"அண்ணே, ஆப்பைத் திருப்பி வச்சிருக்கீங்க."
வண்டிக்குள் எட்டுப் பேரும் சிரித்தார்கள்.
கருப்பணன் சிரித்தானா என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் இறங்கி, ஜாக்கி போட்டு,
தடித்த முனையைப் பின்னால் திருப்பி,
போல்ட்டை முறுக்கி,
எல்லோரும் மறுபடி ஏறி.

"ஒண்ணு கம்மி" என்றான்.
அதையும் சரி பண்ணிரு என்றேன்.
"வேணாம்ணே. மேட்டுல மிதிச்சா
பினியன் மூக்கைத் தூக்கும்.
தூக்கப் போறது தெரிஞ்சு
முன்னாடியே கொஞ்சம் குனிஞ்சிருக்கணும்."

இருட்டி விட்டது. சோதனை ஓட்டம்.
ஒவ்வொருவராய் இறங்கினார்கள்.
கருப்பணன் இறங்கவில்லை,
அவன் வீடு மேட்டில்.
இரண்டாவது கியரில் கொண்டை ஊசி மூன்று.
அடியில் சத்தமே இல்லை.
உள்ளேயும்தான்.

தகரத்தைத் தட்டினான். நிறுத்தினேன்.
முன்னால் வந்து
டாஷ்போர்டில் பத்து ரூபாய்க் காசு ஒன்று வைத்தான்.
வேண்டாம் என்று சொல்ல
நான் வாயைத் திறக்க வேண்டும்.
போய்விட்டான்.

மறுநாள் பெரும்பாறை இறங்கி, ஐம்பதில் போய்,
திரும்பி ஏறி வந்து பார்த்தேன்.
காசு
வைத்த இடத்திலேயே இருந்தது.