பின்சக்கரம் வரைந்த கோடு

ஷாக்கைக் கழற்றி மேசையில் வைத்தாள் மெரெரிட்.
தாங்க ஆளில்லாத சைக்கிளின் பின்பாதி
மயக்க ஊசி போட்ட கால்போலத் தொங்கியது.
அச்சின் நுனியில் நூல் சுற்றிக் கட்டிய சாக்பீஸ்.
பக்கத்தில் நிமிர்த்திய சிலேட்டு,
போன புயலில் பட்டறைக் கூரையிலிருந்து விழுந்தது.
வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில்
எங்கே தோண்டினாலும் சிலேட்டுதான்.
சுவர் அது, கல்லறை அது,
ஞாயிறுதோறும் எங்கள் முட்டியைத் தேய்க்கும் பாதையும் அது.

சக்கரத்தை மெல்லத் தூக்கினாள்.
சாக்பீஸ் கீச்சிட்டு ஒரு வளைவு போட்டது.

முதல் கோடு என்னுடையது.
ஒற்றைக் கீல், பதினோரு வருடப் பழசு.
கதவு திறப்பதுபோல
ஒரே வட்டத்தின் சிறு துண்டு.
பேரிங் இரண்டு, அவ்வளவுதான் அதன் குடும்பம்.
பிரேக் பிடித்தால் பின்பக்கம் விறைத்துக்கொள்ளும்;
ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து பெயர் சொல்லும்.
தெரிந்தேதான் ஓட்டுகிறேன்.

அடுத்தது குவிலிமின் டிரெயில் சைக்கிள்.
நான்கு தண்டு; அச்சுக்கு முன்னால், தாழ, ஒரு கீல்.
பிரேக் எவ்வளவு கத்தினாலும்
சஸ்பென்ஷன் காதில் போட்டுக்கொள்ளாது.
பேரிங் எட்டு.
நவம்பரில் எட்டும் ஒரே வாரத்தில் அழும்.

மூன்றாவதில் இரண்டு குட்டை இணைப்புகள் மட்டும்.
சுழலும் புள்ளி எங்கே என்றேன்.
மெரெரிட் முன்சக்கரத்தருகே
வெறும் காற்றைத் தொட்டுக் காட்டினாள்.
“இப்போது இங்கே. சக்கரம் ஏறினால் வேறெங்கோ.”
இல்லாத கீல்.
கிரீஸ் வைக்க முடியாது,
துருவும் பிடிக்காது.
ஆனால் ஏற்றத்தில் ஓங்கி மிதித்தாலும் குந்தாமல்
அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து போகிறது.

நான்காவதற்கு எல்லோரும் நகர்ந்து இடம் விட்டோம்.
தெலெரியின் டவுன்ஹில்.
கீல் உயரத்தில், கிட்டத்தட்ட இடுப்பில்.
செயின் இழுபடாதிருக்கத் தனியாக ஓர் இடைச்சக்கரம்,
அது ஓயாமல் முணுமுணுக்கும்.
இதன் கோடு பின்னோக்கிச் சாய்ந்தது;
கல் எதிரே வந்தால்
முதலில் ஒதுங்கி, பிறகு ஏறும் கோடு.
பதினெட்டு கிலோ. மலைமேல் போக அதற்கு வேன் வேண்டும்.

நான்கும் ஒரே புள்ளியில் தொடங்கி, ஒரே சிலேட்டில்.
குனிந்து பார்த்தோம்.
மூன்று குளிர்காலம் தேநீரை ஆறவிட்டு
நாங்கள் அடித்துக்கொண்டதெல்லாம்
முதல் மூன்றுக்கும் நடுவே
ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்.
நான்காவதுகூட
ஒன்றரை விரற்கடை தள்ளி.
“கோட்டின் தடிமனே மூன்று மில்லிமீட்டர்,”
என்று குவிலிம் ஸ்கேல் கேட்டான்.
யாரும் எடுத்துத் தரவில்லை.

மழை விட்டது.
பழைய குவாரியின் தலைமாட்டில் தெலெரி
என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு
மாற்றிக்கொள்வோம் என்றாள்.

அவளுடையதில் இறங்கினேன்.
கல் வரும் என்று பல்லைக் கடித்தேன்.
வரவில்லை.
அடுத்ததற்கும் கடித்தேன். அதுவும் வரவில்லை.
யாரோ மலையை ஈரத் துணியால்
துடைத்துவைத்ததுபோல இருந்தது.
பிறகு வளைவு:
உள்ளே அமுங்கிய சைக்கிள் என் கீழே நீண்டது;
திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல்
பெரணிப் புதருக்குள் இடுப்பளவு போய் நின்றேன்.

கீழே தெலெரி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.
பின்டயரில் காற்றில்லை, ரிம்மில் ஒரு பள்ளம்,
உதட்டோரம் கொஞ்சம் ரத்தம், முகம் முழுக்கச் சிரிப்பு.
“உன் சைக்கிள் பிரேக்கைத் தொடாதே என்றது.
தொடவில்லை.”

ரிம்முக்கு யார் காசு என்று பேசியபடி
பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம்.
மெரெரிட் அதற்குள் சிலேட்டைத் துடைத்திருந்தாள்.
சாய்ந்த கோட்டின் வால் மட்டும்
ஓர் ஓரத்தில் மங்கலாக மிச்சம்.
அதன் குறுக்கே, கொட்டை எழுத்தில்:
குவிலிம், பேரிங் எட்டு, பாக்கி.