மீட்பு விழுக்காடு

இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரிலிருந்து
மூன்று மீட்டர் துளைத்தோம்.
நான்கு மீட்டர் வந்தது.

கருப்பூருக்குப் பக்கத்தில், வெள்ளைக்கல் கரட்டில்,
ராத்திரி மணி இரண்டு.
டீசல் எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது.
எதிரே சேர்வராயன் மலையில் ஒரே ஒரு லாரி
கொண்டை ஊசி வளைவுகளில்
விளக்கைக் காட்டி, மறைத்து, காட்டி ஏறியது.
டேப்பை மறுபடி வைத்தேன்.
அங்கமுத்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டார்.
நான்கேதான். மேற்கொண்டு ஒரு விரற்கடை.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
மீட்பு விழுக்காடு.
கல் உடைந்தால், கரைந்தால், தொண்ணூறு என்று எழுதுவேன்.
நூற்று முப்பத்து மூன்றுக்கு அங்கே இடமில்லை.
லூர்துராஜ் சார் போனில் சொன்னார்:
நூறு போடும்மா, தூக்கக் கலக்கம்.

அடுத்த மூன்றுக்கு ஏழு.
வெள்ளை. ரேகையில்லை, மணியில்லை, முறிவில்லை.
கல்லின் குளிர்ச்சி இல்லை,
சட்டைப் பையில் கிடந்த சில்லறையின் சூடு.
பிட்டைக் கழற்றிப் பார்த்தால் வைரம் தேயவே இல்லை.
எதிர்த்தால்தானே தேயும்.

விடியுமுன் அங்கமுத்து சேவலோடு வந்தார்.
அறுத்தார். ரத்தம் துளைக்குள் இறங்கியது.
காத்திருந்தோம்.
டீ ஆறியது.

முனியப்பன் இப்படி இல்லை, என்றார்.
சுருட்டு வைக்க மறந்தால் மாட்டுக்குக் கழியும்.
மகன் கனவில் வந்து அதட்டுவான்.
என் பேர் தெரியும் அவனுக்கு,
எங்கப்பன் ஏமாற்றிய கிடாய்க் கணக்கும் தெரியும்.
கோபித்துக்கொள்கிறவன் ஒருவகையில் சொந்தக்காரன்.
இது...
கையைத் துடைத்துக்கொண்டார். முடிக்கவில்லை.

நான்தான் முடிக்க வேண்டியிருந்தது, பல நாளாக.
பல்லும் கொம்பும் வைத்த சாமியெல்லாம்
நம் அளவுக்குத் தைத்த சாமி.
பசி என்றால் நமக்குப் புரியும்,
பழி என்றால் இன்னும் நன்றாகப் புரியும்.
நாங்கள் துளைத்ததற்காக அது வளரவில்லை.
வெட்டினாலும் வளரும் நகம்,
வெட்டாவிட்டாலும் வளரும்.
நகக்கண் என்கிறோம், அதற்குப் பார்வை கிடையாது.
நகம் என்றால் விரல் இருக்கும்.
விரல் என்றால்
ஐந்து ரோடு, ஐந்து ரோடு என்று கண்டக்டர் கத்தினார்.
இறங்கிவிட்டேன்.

ஒரு ஞாயிறு ஏற்காட்டிலிருந்து கீழே பார்த்தேன்.
ஊரின் ஓரத்தில் அந்த வெளுப்பு,
விரல் நுனியில் நகத்தடிப் பிறை மாதிரி.
பக்கத்தில் ஒரு தம்பதி மிளகாய் பஜ்ஜி தின்றபடி
அழகாயிருக்கு என்று படம் எடுத்தார்கள்.
அழகாகத்தான் இருந்தது.

துளையில் சிமெண்ட் ஊற்றி மூடிவிட்டார்கள்.
பதினோரு பெட்டிக்கும் நூறு நூறாகப் போட்டு
கையெழுத்திட்டேன்.
ராத்திரியில் கொட்டகைக்குள் பெட்டிகள்
நெட்டி முறிக்கின்றன.
மரம் ஈரத்துக்கு ஊதும் என்று
குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, நகம் வெட்டக்கூடாத நாளில்,
பேப்பரை விரித்து உட்கார்ந்தேன்.
கல் பார்க்கிற லென்சைக் கண்ணில் வைத்து
ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.
துளை ஒன்றும் தெரியவில்லை.
எஞ்சின் சத்தமும் கேட்கவில்லை.
இருந்தாலும் சுண்டுவிரலை விட்டுவிட்டேன்.
யாராவது கேட்டால்
வேண்டுதல் என்கிறேன்.