கவ்வி எடுக்கும் வரை

குதான்ஸ்க் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரக் கூண்டில் உட்கார்ந்து
கப்பல்களின் முதுகில் பெட்டி அடுக்குகிறவர் செவெரின்.
இடது சிறுநீரகத்தில்
இரண்டே முக்கால் சென்டிமீட்டர்.
பித்தப்பைக் கல்லைத் தேடிப் போன ஸ்கேனில்
தற்செயலாய்த் தலைகாட்டியது.

"முழுதாய் எடுத்துவிடுங்கள், இன்னொன்றுதான் இருக்கிறதே."
"இன்னொரு கண் இருக்கிறதென்று
ஒரு கண்ணைக் கொடுப்பீர்களா?"
என்றாள் ஹால்ஷ்கா.
"கட்டி வரும், அதைச் சுற்றி
நூலளவு நல்ல சதை வரும்.
மீதி உங்களுடையது."

ஊசி செருகி உறையவைக்கும் வழியும் உண்டு.
குடல் ஒட்டி நின்றதால் அதை ஓரம் வைத்தோம்.

வித்தோல்ட் நின்றுகொண்டே செய்வார்.
நான்கு துளை, நீளக் குச்சிகள்.
கை இடம் போனால் முனை வலம் போகும்,
சாவித் துவாரம் வழியே
உள்ளே தொங்கும் சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல.
ஆனாலும் சதையின் இறுக்கம்
குச்சியில் ஏறி விரலுக்கு வரும்,
அடுத்த வீட்டு வானொலிபோல, பாதி பாதியாக.

ஹால்ஷ்கா மூன்று மீட்டர் தள்ளி
செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவாள்,
பெட்டிக்குள் முகம் புதைத்து.
அவள் விரல் அசைந்தால்
இரும்பு மணிக்கட்டு எந்தப் பக்கமும் மடங்கும்.
தொட்டால் தெரியாது, அவ்வளவுதான்.

"கனம் தெரியாமல் எப்படித் தூக்குவீர்கள்?"
"நூல் விறைப்பதைப் பார்த்து."
செவெரின் சிரித்தார்:
"நானும் கம்பியைப் பார்த்துத்தான்."

முடிவு அதிலேயே ஆகிவிட்டது.
ரத்த இழப்பு, படுக்கை நாள், செலவு என்று
நான் அச்செடுத்துத் தந்த அட்டவணையில்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

என் வேலை நிமிடம் சொல்வது.
தமனியில் கவ்வி விழுந்ததும் பொத்தானை அழுத்துவேன்.
செங்கல் நிறம் சாம்பலாகும்.
ஐந்து.
பத்து.
கட்டி பைக்குள் விழுந்தது.
பதினான்கு, முதல் தையல்.
பதினேழில்
நூல் அறுந்தது.

கண்ணும் சில நேரம் பொய் சொல்லும்.

அன்று துணைக்கு நின்றவர் வித்தோல்ட்.
தன் பழைய நீளக் குச்சியால்
வெட்டின் உதட்டை அழுத்திப் பிடித்தார்.
"இவ்வளவு தாங்கும்," என்றார்,
"கைக்குத் தெரிகிறது."
மூன்று மீட்டர் தள்ளி
ஹால்ஷ்காவின் தலை பெட்டிக்குள் ஆடியது.
இரும்பு விரல் புது நூல் எடுத்தது.

இருபது என்றபோது
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இருபத்து மூன்று. கவ்வி வெளியே.
கசிகிறதா என்று எல்லோரும் பார்த்தோம்.
நிறம் திரும்பி வந்தது,
திட்டுத் திட்டாக, அவசரமில்லாமல்.

படிவத்தில் எந்த முறை என்று கேட்ட கட்டத்தில்
'ரோபோ' என்று எழுதினேன்.
வேறு கட்டம் இல்லை.

மறுநாள் சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்து
செவெரின் கேட்டார்:
"இது இரண்டின் வேலையா, ஒன்றின் வேலையா?"
"ஒன்றே முக்காலின் வேலை," என்றேன்.