இருமிய இடம்

வூச் நகரத்தில் ஜனவரி.
ஜன்னலுக்குக் கம்பளி அடைத்த அறையில்
வின்சென்டி ஓர்லிக்
வெந்நீர் ஒரு மிடறு விழுங்கிவிட்டு
விளக்கைத் தாளின்மேல் தாழ்த்துகிறான்.

அந்த நாட்டுத் தொலைக்காட்சியில்
வெளிநாட்டுப் படத்துக்குப்
பலர் கூடிக் குரல் கொடுப்பதில்லை.
ஒருவன் போதும்.
அவள் அழுவாள், அவன் மிரட்டுவான்,
குழந்தை தண்ணீர் கேட்கும்.
அத்தனை வாய்க்கும் அரை விநாடி பின்னால்
சலனமில்லாமல் வரும் வின்சென்டியின் குரல்,
ரயில் தாமதத்தை அறிவிப்பதுபோல.
நடிக்கக் கூடாது. அதுதான் வேலை.

பதினேழு வருடம்.
எத்தனை பேரைக் கொன்றிருப்பான்,
எத்தனை முறை விதவையாகியிருப்பான்,
கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இன்றைய படம் இது:
கடலோர வீடு.
மனைவியின் தங்கை மூழ்கிப்போனதாய் ஊர் நம்புகிறது.
இரவானால் தொலைபேசியில் ஒரு கிசுகிசுப்பு:
"அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்."
புருஷனா, செத்தவளா?
கடைசி ஐந்து நிமிடம்வரை படம் சொல்லாது.

மொழிபெயர்க்கும் பொஜெனா
அந்த ஒரு வரியோடு மூன்று நாள் மல்லுக்கட்டினாள்.
தமிழில் என்றால் தப்பித்திருப்பாள்.
இருந்தேன் என்றால் இருந்தேன்.
நம் தன்மை ஒருமை
வாசலில் நிறுத்தி
ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.
அவள் மொழியிலோ
இருந்தவன் பிவெம், இருந்தவள் பிவாம்.
நடுவே ஓர் உயிர்தான்.
உயிர் மாறினால்
குற்றவாளி மாறிவிடும்.
சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தாள்,
வரி முடியுமுன் கிசுகிசுப்பு முடிந்துவிட்டது.
கடைசியில் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு:
இங்கே இருமவும்.

இருமினான்.
வெள்ளிக்கிழமை ராத்திரி நாடு முழுக்கக் கேட்டது.
பாவம், ஜலதோஷம் என்றார்கள்.

அடுத்த வியாழன் வீட்டில் மணி அடித்தது.
பபியானிட்சேயிலிருந்து கொர்னேலியா,
தையல்காரி.
"பணம் எப்போது திருப்பித் தருவீர்கள்?"
எந்தப் பணம்?
"எண்ணூறு ஸ்வோத்தி.
செவ்வாய்க்கிழமை நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்.
ஒரு பையன் வந்து வாங்கிப்போனான்.
பதினேழு வருடமாய் என் கூடத்தில் பேசுகிறவர்,
உங்களுக்கில்லாமல் யாருக்குக் கொடுப்பேன்?"

"அது நான் இல்லை."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது:
நாற்பத்தோராம் பக்கத்தில்
புருஷன் சொல்கிற வரி.
அதே ஏற்றம், அதே இறக்கம்,
இறக்கமே இல்லாத இறக்கம்.
அழுத்திச் சொல்லிப் பார்த்தான்.
கெஞ்சிப் பார்த்தான்.
ரயில் இன்னும் இருபது நிமிடம் தாமதம்
என்பதாகத்தான் வந்தது.

"அவரும் இதைத்தான் சொன்னார்,"
கொர்னேலியா நிதானமாக ஊசியில் நூல் கோப்பதுபோலப் பேசினாள்.
"யாராவது என் குரலில் கூப்பிட்டு
அது நான் இல்லை என்பான்,
நம்பிவிடாதீர்கள் என்றார்."

சிறிது நேரம் கம்பியில் காற்று மட்டும்.

"செவ்வாய் ராத்திரி எங்கே இருந்தீர்கள்?"
"வீட்டில்தான் இருந்..."
நிஜமான இருமல்.
கண்ணில் நீர் வர, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"ம்," என்றாள்.
"இந்த இடத்தில்தான் அவருக்கும் வந்தது."

ரிசீவரைக் காதிலேயே வைத்தபடி நின்றான்.
சொல்வதற்கு ஏதோ இருந்தது,
எந்தக் குரலில் என்று தெரியவில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால், கூடத்தில்,
யாரோ தொலைக்காட்சியை அணைக்காமல் போயிருந்தார்கள்.
மறு ஒளிபரப்பு.
திரையில் அந்த மனைவி
இருட்டில் போனை எடுத்தாள்;
அரை விநாடி கழித்து
வின்சென்டியின் குரல் கேட்டது:
"யார் பேசுவது?"

"கொர்னேலியாதான்," என்றாள் மறுமுனையில்.
"அப்பாடா, வந்துவிட்டீர்களா.
இங்கே இவ்வளவு நேரம்
யாரோ ஒருவன் பேசிக்கொண்டிருந்தான்."