கேட்பார் இல்லை

தொண்டைக்குத்தான் எனக்குச் சம்பளம்,
மாதம் ஏழு ரூபாய்.
தாசில்தார் தொகையை மெல்லச் சொல்வார்,
நான் அதை ஊருக்குச் சொல்வேன்.
ஏலம் கூவுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு சொல் கிடையாது.

புதுநகரம் சந்தைத் திடல். கள்ளுக்கடை ஏலம்.
கணவாய்க் காற்று விடிந்ததிலிருந்து
மேசை விரிப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தது;
நாலு மூலைக்கும் நாலு மைக்கூடு வைத்தோம்.
போன வருஷம் இதே திடலில்
முப்பது குரல் ஒன்றையொன்று ஏறி மிதித்தது.
இப்போது எதிரே ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள்,
ஒருவர் செருமவில்லை.

"முதல் நம்பர் கடை! சர்க்கார் கேள்வி நானூறு!"
பனைகள்தான் சலசலத்தன.
"முன்னூற்றைம்பது!"
ஒரு குழந்தை சிரித்தது, அதன் வாயைப் பொத்தினார்கள்.
"முன்னூறு!"
என் குரல் திடலின் கோடிவரை போய்
வெறுங்கையோடு திரும்பி வந்தது.

முன்வரிசையில் கண்டமுத்தன்,
ஆறு வருஷமாக ஏழு கடை எடுத்தவர்.
இடுப்பு முடிச்சில் பணம் இருந்தது,
உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.
அவர் தோளை ஒட்டி மாட்டு வியாபாரி அசன்மீரா ராவுத்தர்.
இரண்டு பேருக்கும் வாய்க்கால் வழக்கு,
பாலக்காட்டுக் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார்.
தாசில்தார் காதில் ஏதோ சொன்னார்.
தாசில்தார் என் காதில் சொன்னார்.
நான் கூவினேன்:
"ராவுத்தமார் எல்லாரும் இடப்பக்கம்!
மற்றவர்கள் வலப்பக்கம்!"

எழுந்தார்கள், ஆயிரம் பேரும்.
வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்கள்.
அதே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

சிரிப்பு என் பல்வரை வந்துவிட்டது.
டவாலியை இறுகப் பிடித்து அதை விழுங்கினேன்.

பிறகு தடி.
களத்தில் கதிர் அடிக்கிற சத்தம், அவ்வளவுதான்.
திருப்பி அடிக்க ஒரு கை எழவில்லை,
தலையை மறைக்கக்கூடச் சிலர் கை தூக்கவில்லை.
ராவுத்தர் மகன் பீர்கனிக்குக் காது கிழிந்தது.
கண்டமுத்தன் தோள்துண்டை உருவினார், மல் துண்டு.
"சீமைத்துணி வேண்டாம் மாமா" என்றான் பையன்,
ரத்தம் தாடையில் வழிய.
அவர் துண்டைக் கீழே போட்டார்.
உள்ளங்கையாலேயே காதை அழுத்திப் பொத்திக்கொண்டார்.

"இருநூறு" என்றார் தாசில்தார், தன் வாயாலேயே.
"நூற்றைம்பது."
ஏலத்தில் உயரவேண்டிய கை
ஒரு காதின்மேல் இருந்தது.

பணத்தை ஏன் அவிழ்க்கவில்லை என்று
பின்னால் எப்போதாவது அவரைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

சாயங்காலம், பள்ளிவாசல் நோன்புக்கஞ்சி அண்டாவை
நாலு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்து
பகவதி கோயில் மதிலோரம் அடுப்பேற்றினார்கள்,
மரம் ஏறாத நாற்பது குடிக்கு.
ஏறுகாரன் சாத்தன் குடித்துவிட்டுச் சொன்னான்:
"கஞ்சி சரி.
சீவாமல் விட்டால் பாளை செத்துப்போகும்.
அதுக்கு யார் கஞ்சி ஊத்துவீங்க?"
யாரிடமும் பதில் இல்லை.
ராவுத்தர் இன்னோர் அகப்பை ஊற்றினார்,
சாத்தன் அதையும் குடித்தான்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

குமாஸ்தா பதிவேட்டில் எழுதினார்:
கேட்பார் இல்லை.
பதினோரு கடைக்கும் பதினோரு தடவை,
கடைசியில் எழுத்து சாய்ந்துபோயிருந்தது.
கேட்பவர் இல்லாமல் 'ஒரு தரம்' சொல்லக்கூடாது, அது விதி.
ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்
மூன்றும் வாயிலேயே கிடக்க
பனங்காட்டு வழியே வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் மறு ஏலம்.
தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியனுப்பினேன்.

கட்டவில்லை.